ஜவ்வாது மலையில் ஒரு கரடியும் ஒரு பலாப்பழமும்

காலை 6.10க்குக் கிளம்ப வேண்டிய பேருந்து 6.32க்குக் கிளம்பியது. வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர். ஆளுக்கு ஐம்பத்தெட்டு ரூபாய். நானும் என் மனைவி சரோஜாவும். பையில் இரண்டு கைப்பேசி, மூன்று தண்ணீர் பாட்டில், வயிற்றுப்போக்கு மாத்திரை பத்து.

கரடி பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அதுதான் வம்பு. காலையில் என்னோடு நடக்க வரும் இஸ்மாயில் பாய், மருமகனோடு இமயமலையில் ஏதோ தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தார். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் எடுத்தது என்று ஒரு பழுப்புப் புள்ளியைக் காட்டி, அதைக் கரடி என்றார். இரண்டு மாதமாக, நடை முடிந்து உட்காரும் எங்கள் பெஞ்சில் வேறு பேச்சே இல்லை. “கரடிக்காக அவ்வளவு தூரம் எதற்கு? நம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது” என்று வாயை விட்டேன்.

“அப்ப போட்டோவோட வாங்க சார்” என்றார் பாய். பெஞ்சில் இருந்த மற்ற நான்கு பேரும் சாட்சி.

அமிர்திக்கு மேலே வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழாவதில் முன் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்ததில் கணக்குத் தப்பிவிட்டது. நடத்துநரைக் கேட்டேன். “திரும்பி எறங்கச் சொல்லோ எண்ணிக்கோ பெருசு, வளைவு எங்கயும் போயிடாது” என்றார்.

9.20க்கு ஜமுனாமரத்தூர். அன்று சந்தை. பலாப்பழம் குவிந்து கிடந்தது. ஒன்றைத் தட்டினேன், முகர்ந்தேன், காம்பைப் பார்த்தேன், மறுபடி தட்டினேன். விற்றுக்கொண்டிருந்த அம்மாள் பொறுமை இழந்தாள். “இன்னா பெரியவரே, பழம் பாக்கறியா, பொண்ணு பாக்கறியா?”

நூற்றிருபது சொன்னதை எழுபதுக்கு வாங்கினேன். எப்படியும் ஒன்பது கிலோ இருக்கும்.

“காட்டுக்குப் போறவரு யாராச்சும் பலாப்பழத்த தூக்கினு போவாங்களா?” என்றாள் சரோஜா. திரும்பி வரும்போது நல்ல பழம் மிச்சமிருக்காது என்பது என் வாதம். அங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது. பழத்துக்குத் தனியாகப் பத்து ரூபாய் வாங்கினான் ஆட்டோக்காரன்.

எங்கள் வழிகாட்டி வெள்ளையனின் வீடு காட்டை ஒட்டிய கடைசி வீடு. மதியச் சாப்பாடும் இரவுத் தங்கலும் அங்கேதான். வெள்ளையன் என்னைப் பார்ப்பதற்கு முன் பழத்தைப் பார்த்தார்.

“சார், இத்த எடுத்துனு காட்டுக்குள்ள வேணாம். வாசனைக்கு நேரா வந்துடும்.”

“எது?”

“நீங்க பாக்க வந்தது.”

நான் யோசித்தேன். கரடி பார்க்க வந்தது உண்மை. ஆனால் தோளில் பழத்தை வைத்துக்கொண்டு பார்ப்பதாக எண்ணமில்லை. “வூட்டுக்குள்ள வைங்க சார்” என்றார் வெள்ளையனின் மனைவி மல்லிகா. உள்ளே அவர்களுடைய பிள்ளைகள் மூன்று பேர் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புழுக்கத்தில் வெடித்துவிடும் என்று ஒரு காரணம் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் மரநிழலில் கூடை போட்டு மூடி, மேலே ஒரு கல்லும் வைத்தேன்.

சரோஜாவுக்கு முட்டி வலி. “நீங்க போய்ட்டு வாங்க. நான் மல்லிகாவோட பேசினு இருக்கேன்” என்றாள். அவள் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டேன். என்னுடையது படம் எடுக்க, அவளுடையது நடையை அளக்க.

1.40க்கு நடக்கத் தொடங்கினோம். உச்சிப் பாறை வரை செங்குத்து. மூச்சு வாங்க நின்ற இடங்களில் எல்லாம் வெள்ளையன் எனக்காக ஏதாவது ஒரு மரத்தைக் காட்டினார். அதனால் பல மரங்களைத் தெரிந்துகொண்டேன். மேலே குளிர்ந்த காற்று. செங்கம் பக்கத்துச் சமவெளி மங்கலாகக் கிடந்தது. ஒன்பது ஏரிகள் மின்னின. சற்று நேரம் கரடியை மறந்துதான் போனேன்.

பார்த்த விலங்குகள்: மலை அணில் ஒன்று, மயில் இரண்டு, கீரியின் வால் ஒன்று, மாடு பதினேழு. இறங்கும் வழியில் வெள்ளையன் சட்டென்று குனிந்தார். பாதை நடுவே பலாக்கொட்டைகளோடு ஒரு குவியல்.

“கரடி போட்டது சார். இன்னிக்குக் காலைலதான்.”

எல்லாப் பக்கமிருந்தும் பதினொரு படம் எடுத்தேன்.

“போதும் சார், அது வெக்கப்படும்” என்றார்.

5.45க்கு வீட்டை நெருங்கும்போது தட்டைக் கரண்டியால் அடிக்கும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. ஓடினோம். கூடை வேலிக்கு அப்பால் கிடந்தது. கல் ஒரு பக்கம். பழம் இருந்த இடத்தில் தோல் மட்டும். சரோஜா டீ கிளாஸோடு வாசலுக்கு வந்தாள்.

“வந்துச்சுங்க.”

“எது?”

“நீங்க பாக்கப் போனது. கன்னங்கரேல்னு, சடசடையா முடி. மாருல வெள்ளையா வளைவு. குந்திக்கினு ரெண்டு கையாலயும் பிச்சிப் பிச்சித் துன்னுது. நாங்க கதவச் சாத்திக்கினு ஜன்னல்ல பாத்தோம். இருபதடிதான் இருக்கும். அம்மாம் நேரம் வுட்டுட்டு, முழுசா துன்னப்புறம்தான் மல்லிகா தட்டு தட்டுனா.”

“போட்டோ?”

“போன் உங்க பைலதான இருக்குது?”

அந்த வீட்டின் ஒரே கைப்பேசி வெள்ளையனின் இடுப்பில் இருந்தது.

மறுநாள் இறங்கும்போது வளைவுகளை எண்ணவில்லை.

அதற்கடுத்த நாள் காலை, முட்டி வலியையும் மீறி, சரோஜா என்னோடு நடக்க வந்தாள். நேராகப் பெஞ்சுக்குத்தான் வந்தாள். “இன்னா சார், கரடி?” என்று பாய் என்னைக் கேட்டார், பதிலை அவள் சொன்னாள். கரடி உட்கார்ந்த விதத்தை உட்கார்ந்தே காட்டினாள். பாய் எழுந்து அவளுக்குத் தன் இடத்தைக் கொடுத்தார். “இருபதடியா! யா அல்லா, அப்புறம் இன்னாம்மா பண்ணுச்சு?”

போட்டோ எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதினொரு படங்களும் இருந்த கைப்பேசி என் சட்டைப்பையிலேயே இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன், பெஞ்சில் ஐந்து பேருக்குத்தான் இடம்.