எருமைக்கு மீசை

எருமைக்கு மீசை வைக்கச் சொன்ன மனிதரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்காக, எருமைத் தலையும் மனித உடம்பும் கொண்ட ஒரு போர்வீரனைச் செய்துகொண்டிருந்தோம். ஸ்கிரீனுக்கு முன்னால் நின்றவர் தன் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு, "கெத்து பத்தலடா. மீசை வெச்சுப் பாரு" என்றார்.

நான் அந்த இடத்துக்கு வந்த கதை பெரிதல்ல. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்தேன். ஓசூர்ப் பக்கம் கோழிப்பண்ணையில் இருந்தேன். மறைமலை நகரில் காருக்குப் பெயின்ட் அடிக்கும் கூடத்தில் முகமூடி போட்டுக்கொண்டு நின்றேன். சில இடங்களில் அவர்கள் அனுப்பினார்கள், மற்ற இடங்களில் நானே கிளம்பினேன். ஒரகடத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஒன்றில் இடது கை மோதிர விரலின் நுனி போனது. கான்ட்ராக்டர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காயம் ஆறியதும் அதே பிரஸ்ஸில் நிறுத்தினார். மவுஸ் பிடிக்கிற கை வலது கை என்பதால், பிற்பாடு அந்த விரல் ஒரு குறையாகத் தெரியவில்லை.

அப்போது சேரப்பணஞ்சேரியில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் நைட் ஷிப்ட்காரன் படுப்பான். பாய் ஆறவே ஆறாது. அறையில் ஒடிசாக்காரன் ஒருவன் பழைய லேப்டாப் வைத்திருந்தான். களிமண் பிசைவது போல மவுஸால் உருவம் பிசையும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. இந்தி வீடியோக்களைப் பார்த்து அவன் ராட்சசர்களைச் செய்வான். இந்தி எனக்குத் தெரியாது. அம்புக்குறி எங்கே போகிறது என்று பார்த்தே கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிப் போனபோது லேப்டாப்பை எனக்கு விட்டுவிட்டு, சார்ஜரை மட்டும் எடுத்துப் போனான். ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

அந்தக் கற்றலை நம்பித்தான் தண்டலத்தில் ஹைவேயை ஒட்டிய ஒரு மாடிப்படி ஏறினேன். கீழே பிரியாணிக் கடை, மேலே 'ஸ்டுடியோ'. அதன் முதலாளி கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கதவும் பானட்டும் வரைந்துகொண்டிருந்தவர். குடும்ப நிலம் ஃபேக்டரிக்குப் போனதில் வந்ததை வைத்துக் கட்டடம் கட்டி, வேலையை விட்டுவிட்டு, விளையாட்டுக் கம்பெனிகளுக்கு உருவம் செய்து தருகிறேன் என்று கிளம்பியிருந்தார். அவருக்குக் கீழே பக்கத்துக் காலேஜில் இன்ஜினியரிங் முடித்த ஒரு பெண் இருந்தாள். ஐ.டி. கம்பெனி கூப்பிடும்வரை இங்கே ஏசியில் உட்கார்ந்திருப்பதாக அவளே சொன்னாள்.

பெங்களூரில் இருக்கும் ஒரு விளையாட்டுக் கம்பெனிக்காரர் எருமை வீரன் ஒன்றைச் சாம்பிளாகக் கேட்டிருந்தார். முதலாளி என்னை உட்காரவைத்து விஷயத்தை நேராகச் சொன்னார்.

"எருமை பாஸ் ஆச்சுன்னா இந்தச் சேரு உன்னுது. ஆவலன்னா, பிரஸ் ஷாப்பு எங்க கீதுன்னு உனக்கே தெரியும்."

அது நல்ல சேர். சுழலும், சாயும், முதுகுக்கு மெத்தை உண்டு. அதற்கு முன் நான் உட்கார்ந்து பார்த்த வேலை எதுவும் கிடையாது. அந்தச் சேருக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேன்.

எருமையைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரகடம் ரோட்டின் நடுத்திட்டில் எருமைகள் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் போகும். அவற்றில் ஒன்றுக்கு வலது கொம்பு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ வண்டி உரசிவிட்டுப் போயிருக்க வேண்டும். டீக்கடை பெஞ்சிலிருந்து அதைப் பார்ப்பேன். ஹாரன் அடித்தால் காதைக்கூட அசைக்காது. கம்பெனி பஸ், போலீஸ் ஜீப், வெளிநாட்டுக்காரன் உட்கார்ந்திருக்கும் கார் எல்லாம் அதற்கு ஒன்றுதான். யாரையும் மதிக்காத அப்படி ஒரு முகத்தை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை. அதை அப்படியே செய்தேன். தொங்கும் கொம்பு, ஈரமான மூக்கு, கழுத்திலும் அக்குளிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல், சரிந்த வயிறு. அதற்குமேல் தோளிலும் மார்பிலும் ஒரு கவசம், கையில் ஒரு வாள்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "ண்ணா, சூப்பர்ண்ணா. எங்க ஹெச்ஓடி மாதிரியே கீது" என்றாள்.

முதலாளி பார்த்தார். 

"இன்னாடா இது? கொம்பு ஒண்ணு மேல போவுது, ஒண்ணு கீழ போவுது?"

"ரோட்ல ஒண்ணு அப்படித்தான் சார் இருக்கு."

"ரோட்ல நூறு இருக்கும். டிஃபெக்ட் பீஸைப் பாத்து வரைவியா? ஒரு பக்கம் செய், மறுபக்கத்துக்கு மிரர் போடு."

ஒரு பாதியைச் செய்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மறுபாதியைக் கண்ணாடி பிம்பமாக சாஃப்ட்வேரே போட்டுக்கொள்ளும். அழுத்தினேன். தொங்கிய கொம்பு போனது. முகத்தில் இருந்த அலட்சியமும் அதோடு போனது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் எதுவுமே பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிகிறது. மூக்கின் ஈரம் சளி மாதிரி இருக்கிறது என்றார், துடைத்தேன். வயிற்றை எடுத்துவிட்டு வயிற்றுத் தசைகளைக் கட்டம் கட்டமாக வைக்கச் சொன்னார், வைத்தேன். காது பெரிது என்றார், குறைத்தேன்.

எருமை மீது அவருக்கு இருந்த கோபம் விளையாட்டுச் சம்பந்தப்பட்டதல்ல என்று பிற்பாடுதான் புரிந்தது. அவர் வீட்டார் எருமை வைத்திருந்தவர்கள். ஒருநாள் அவரே சொன்னார்: "காலேஜ் போனப்போகூட என்னைய எருமைக்காரன் வூட்டுப் புள்ளன்னுதான் சொல்வானுங்க. எருமைக்கு எங்கடா மரியாதை? நாமதான் குடுக்கணும்." மரியாதை என்று அவர் சொன்னது, எருமை எருமையாக இல்லாமல் போவதை.

அப்போதுதான் மீசை வந்தது.

அந்தப் பெண் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "சார், மீசை வெச்சா அப்புறம் ஷேவிங் செட்டும் மாடல் பண்ணணுமா?"

"இந்த வாய வெச்சிகினு நீ ஐ.டி. கம்பெனிக்குப் போ, அன்னிக்கே ஊத்தி மூடிடுவானுங்க."

"அதுக்குத்தான் சார் இங்க வந்து பிராக்டீஸ் பண்றேன்."

மீசையும் வைத்தேன். நுனி முறுக்கி மேலே போகும் மீசை. அதற்கும் மிரர்.

அடுத்தது தோல். காரின் பானட் வரைபவர்களிடம் ஒரு சோதனை உண்டு. ஸ்கிரீனில் அந்த உருவத்தின்மேல் வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை ஓடவிடுவார்கள். பட்டை வளையாமல் நெளியாமல் ஓடினால் தகடு சுத்தம். எங்காவது நெளிந்தால் அங்கே டென்ட் என்று சொல்லும் பள்ளம் இருக்கிறது, குறை என்று அர்த்தம். முதலாளி அந்தப் பட்டைகளை எருமையின்மேல் ஓடவிட்டார். கழுத்து முழுக்க நெளிந்தது. அக்குளில் பட்டைகள் முடிச்சே போட்டுக்கொண்டன.

"பாத்தியா? எம்மாம் டென்ட்டு!"

"தோல் சார் அது. மடிப்பு."

"பளபளன்னு ஓடணும்டா. கஸ்டமர் மொதல்ல அததான் பாப்பான்."

கஸ்டமர் எதை முதலில் பார்ப்பான் என்று எனக்கும் தெரியாது. அழகில்லாமல் இருந்ததால்தான் அந்த மடிப்புகள் எனக்குப் பிடித்திருந்தன. வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை. ஒவ்வொரு மடிப்பாக இஸ்திரி போட்டேன். கழுத்து தண்ணீர் டேங்க் மாதிரி ஆனது. பிறகு கவசத்துக்கும் உடம்புக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டி, "கதவு மூடினா இப்பிடித்தான் சந்து தெரியுமா?" என்றார். கவசத்தைத் தோலோடு ஒட்டவைத்தேன். தலைமயிர்கூட நுழையாது.

ஒவ்வொரு கட்டமும் ஓகே ஆனதும் அதற்கு முந்தைய ஃபைலை அவர் தன் கையால் அழிப்பார். கார்க் கம்பெனியில் பழைய டிராயிங் உற்பத்தி லைனுக்குப் போய்விட்டால் ஆயிரக்கணக்கில் தப்பான பீஸ் வந்துவிடும். அதனால் பழையதைக் கிழித்துவிடுவார்களாம். இங்கே லைனும் இல்லை, ஆயிரமும் இல்லை, ஒரே ஒரு எருமை. ஆனாலும் அழித்தார். தொங்கிய கொம்பு எருமை அப்படித்தான் போனது. நான் தனியாக எடுத்து வைத்திருக்கலாம்தான். என் லேப்டாப்புக்கு சார்ஜர் இல்லை.

முடிந்தது என்று அவர் சொன்ன அன்று எருமை வீரன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி பளபளவென்று நின்றான். இப்படிப்பட்ட உருவங்களை அந்த நிலையில்தான் செய்வார்கள். பிறகு உள்ளே எலும்பு மாதிரி ஒன்றைப் பொருத்தி ஆட்டுவது வாங்குகிறவர்களின் வேலை. எங்கள் மூன்று பேரில் யாரும் எலும்பு பொருத்தியதும் இல்லை, பொருத்தினால் என்ன ஆகும் என்று யோசித்ததும் இல்லை. அவர் வரைந்த பானட் எதுவும் கையைத் தூக்கியதில்லை. நான் வேலை பார்த்த இடங்களிலும் ரோபோக்கள்தான் கையைத் தூக்கின. அவற்றுக்குத் தோல் கிடையாது.

பெங்களூர்க்காரர் வீடியோவில் வந்தார். முதலாளி புதுச் சட்டை போட்டிருந்தார். என்னை அவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்; சேரில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"நீட்டா இருக்கு சார்" என்றார் பெங்களூர்க்காரர். "நாங்க எலும்பு போட்டுப் பார்த்தோம். இப்ப வாளைத் தூக்கச் சொல்றேன், பாருங்க."

எருமை வீரன் வலது கையைத் தூக்கினான். தோள் கவசம் கன்னத்துக்குள் நுழைந்து, தாடையைத் துளைத்து, மீசையின் ஒரு நுனியை ஏந்திக்கொண்டு மறுபக்கம் வந்தது. அக்குளில் இழுபட மடிப்பே இல்லாததால் மார்பும் வயிறும் பரோட்டா மாவு மாதிரி கையோடு மேலே போயின. வயிற்றுத் தசைக் கட்டங்கள் கழுத்துப் பக்கம் வந்து நின்றன.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினாள்.

"சார், டிசைன்படி கேப் ஜீரோ சார்" என்றார் முதலாளி.

"இது கார்க் கதவு இல்ல சார். சண்டை போடணும்."

"கையத் தூக்காம சண்டை போடவெக்க முடியாதா சார்?"

பெங்களூர்க்காரர் வீரனின் கையைக் கீழே இறக்கினார். இரண்டு நாளில் சரிசெய்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மடிப்புகளை மறுபடி வைக்கப் பார்த்தேன். பழைய ஃபைல் இல்லை. ஞாபகத்திலிருந்து வைத்த மடிப்புகள் கசங்கிய பேன்ட் மாதிரி வந்தன. நடுத்திட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தொங்கிய கொம்பு எருமை அங்கேதான் படுத்திருந்தது. எழுந்து நடந்தால் தோல் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம் என்று வெயிலில் நின்றேன். எனக்காக அது எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது, நான் வைத்திருந்த சில மடிப்புகளின் மீதும் முதலாளி வரிக்குதிரைப் பட்டைகளை ஓடவிட்டு நிரவிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அதற்குமேல் நான் அவரைத் தடுக்கவும் இல்லை; சேர் போய்விட்டது என்று முடிவுசெய்து, பழைய பிரஸ் கான்ட்ராக்டரின் நம்பரை மொபைலில் தேடி எடுத்து வைத்திருந்தேன்.

பெங்களூர்க்காரர் மறுபடி வீடியோவில் வந்தார். அதற்குள் வேறு ஒருவரிடம் வேறு வீரனை வாங்கிவிட்டாராம். கரடி வீரன்.

"ஆனா உங்க தலை நல்லா இருக்கு சார். ரொம்ப சிமெட்ரி. விளையாட்டுல ஒரு ராஜா மண்டபம் வருது. சுவத்துல மாட்டறதுக்கு ஒரு தலை வேணும். கழுத்தோட வெட்டி எடுத்துக்கறோம். மீசை வேண்டாம்."

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "ரொம்ப சந்தோஷம் சார்."

லைன் கட்டானதும் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "பாஸுடா! பாஸ்னா பாஸ்தான். சேரு உன்னுது." கீழே குரல் கொடுத்துப் பிரியாணி வரவழைத்தார்.

அந்தப் பெண் என் தட்டில் முட்டையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "போருக்குப் போனவரைச் செவுத்துல மாட்டிட்டாங்கண்ணா. பேசாம ரோட்லயே படுத்துகினு இருந்திருக்கலாம் அது."

சேரில் உட்கார்ந்தேன். சொன்னபடியே சுழன்றது, சாய்ந்தது. அதே மண்டபத்துக்கு இன்னும் தலைகள் கேட்டார்கள்: மான், பன்றி, புலி. எருமைத் தலையையே எடுத்து, கொம்பை மாற்றி, மூக்கை இழுத்துச் செய்யச் சொன்னார் முதலாளி. பட்டைகள் எல்லாவற்றின்மேலும் அழகாக ஓடின. முடித்தவை எல்லாம் ஒரே முகத்தோடு சுவரில் தொங்கின. அந்தப் பெண்ணை ஐ.டி. கம்பெனி கூப்பிட்டது, அவள் போனபின் அறையில் ஏசியின் சத்தம் மட்டும்தான்.

மிச்சமிருந்த உடம்பை முதலாளி வீணாக்கவில்லை. தலையோடும் மீசையோடும் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து, இரும்பு ஃபிரேம் போட்டு, மாடிப்படி வாசலில் நிறுத்தினார். கீழே சாப்பிட வருகிறவர்கள் கேட்பார்கள்: "இன்னாங்க, கைய விரிச்சிகினு இப்பிடி நிக்குது?"

"வாங்க வாங்கன்னு கூப்புடுதுங்க" என்பார்.

புலிக்கும் அதே எருமை முகம் வந்தபோது, தலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மதியம் பையோடு இறங்கினேன். எங்கே போவது என்று முடிவு செய்திருக்கவில்லை. வாசலில் எருமை வீரன் கையை நீட்டியபடி நின்றிருந்தான். வாள் பிடித்த பக்கத்து ஃபிரேமில் பிரியாணிக் கடைக்காரர் கொக்கி மாட்டி, தன் பல்பு வயரைத் தொங்கவிட்டிருந்தார்.