குளத்துக்குள் போன நீர்மூழ்கி

போன வருடம் பங்குனி மாதம், பண்டத்தரிப்புக்கு அப்பால் கடற்கரைப் பக்கமாக இருக்கும் ஒரு குளத்தில் நடந்த விஷயம் இது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். ஆனாலும் இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று கனநாளாக மனதில் கிடந்தது.

என் கணவர் கொக்குவிலில் தண்ணீர் மோட்டார் திருத்தும் கடை வைத்திருந்தவர். கடைக்குள் அவர் கதைத்தால் தெருமுனை வரை கேட்கும். எங்கள் வீட்டில் கதைக்கிற வேலை எல்லாம் அவருடையதுதான். எனக்கு அது வசதியாக இருந்தது. பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை சோர்ந்துபோனது. தடி ஊன்றி நடப்பார். பேச்சுத்தான் குழறியது. சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும், ஆனால் சொல் வாய்க்கு வந்துசேர நேரம் எடுக்கும்.

ஆசுபத்திரியால் வந்த புதிதில் சந்திக் கடைக்குப் போனார். அங்கே நின்ற ஒருவர், அவர் குடித்திருக்கிறார் என்று நினைத்து, "என்ன, காலமையே போட்டாச்சோ?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். அன்றோடு வெளியாட்களுடன் கதைப்பதை விட்டுவிட்டார். வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் அறைக்குள் போய்விடுவார். ஆசுபத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பிள்ளை, "மற்ற ஆக்களோடை கதைக்க வையுங்கோ அன்ரி, இல்லாட்டி திரும்பி வந்த பேச்சும் போயிடும்" என்று என்னிடம் சொல்லியிருந்தா. அதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவரை எப்படிக் கதைக்க வைப்பது என்று தெரியவில்லை. யாராவது வந்தால் அவருக்குப் பதிலாக நானே கதைத்துவிடுவேன். கூச்சத்தோடு கதைத்தாலும், அவர் வாய் குழறி நிற்பதைப் பார்ப்பதைவிட எனக்கு அது சுகமாக இருந்தது.

அந்த வருத்தம் வருவதற்கு முன் அவர் ஒரு சின்ன நீர்மூழ்கிக் கப்பல் செய்யத் தொடங்கியிருந்தார். ஒரு கை நீளமான பிவிசி குழாய்தான் அதன் உடம்பு. உள்ளே ஒரு சிறு தொட்டியும், கார்க் கண்ணாடி கழுவத் தண்ணீர் அடிக்கும் பம்பும் இருந்தன. தொட்டிக்குள் தண்ணீரை இழுத்தால் கப்பல் தாழும், வெளியே தள்ளினால் எழும்பும். கரையில் நின்று ரிமோட்டால் ஓட்டலாம். பாதி வேலையோடு அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் அதைத் தடியால் வெளியே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கை... உம்மடை. மூளை... என்ரை."

அப்படித்தான் தொடங்கியது. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற தொட்டியை நிரப்பிவிட்டு நான் குந்தியிருப்பேன், அவர் கதிரையில் இருப்பார். முதல் நாள் கப்பல் மூக்கைக் குத்திக்கொண்டு அடியில் போய் நின்றது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிவந்து வாலில் வைத்தோம். இப்போது வால் தாழ்ந்து மூக்கு மேலே வந்தது. பற்றரியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினோம். ஒரு பக்கம் சரிந்தது. எதிர்ப்பக்கம், பெட்டிகளுக்குள் வருகிற மிதக்கும் வெள்ளை ரெஜிபோம் துண்டு ஒன்று ஒட்டினோம். அது சமநிலைக்கு வருகிற நேரம் பார்த்து வாலடியில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. திறந்து பார்த்தால், ஒழுக்குப் பார்க்க உள்ளே வைத்திருந்த பேப்பர்த் துண்டு பின்பக்கம் நனைந்திருந்தது. கப்பலைத் தள்ளுகிற வால் காற்றாடி சுழலும் கம்பியின் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. அந்தக் குழாய்க்குள் கிறீஸ் நிரப்பினேன்.

"சோறு குழைக்கிற மாதிரி அப்பாதையும்" என்றார்.

"சோறு நல்லாத்தானே இருக்குது, திண்டுகொண்டுதானே இருக்கிறியள்" என்றேன். என்னோடு கதைக்க அவருக்குச் சொல் தட்டுப்பாடு குறைவு.

ஒரு விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தொட்டி முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் கப்பலின் முதுகில் நிற்கிற சின்னக் கோபுரத்தின் நுனி கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். காற்றாடி தள்ளும்போதுதான் அது முழுதாகத் தாழ வேண்டும். அப்படி இருந்தால் எது பழுதானாலும் தானாக மேலே வரும். அந்த அளவுக்கு வர எங்களுக்கு மாசி முழுக்கப் பிடித்தது.

ஓட்டிப் பார்க்கக் குளம் வேண்டும். அவர் சொன்ன குளத்தை அவர் மாரியில்தான் பார்த்திருக்கிறார், அப்போது அது நிரம்பி நல்ல தண்ணீராக இருந்ததாம். ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்பதும் அவருக்கு ஒரு காரணம். துவாயில் சுற்றிய கப்பலை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போய் இறங்கினோம். பங்குனி வெயிலில் குளம் பாதியாக வற்றியிருந்தது. தூரத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் என் கணவர் திரும்பிப் போகப் பார்த்தார். "அவர் அங்காலைதானே நிக்கிறார்" என்று சொல்லி மறித்துவிட்டேன்.

கப்பலை விட்டால் அது தாழவே இல்லை. தொட்டியை நிரப்பியும் முதுகு வெளியே தெரிந்தது. விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உவர். எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு, அதில் பார்த்த அளவெல்லாம் இங்கே பிழைத்துவிட்டது. உப்புத் தண்ணீர் எதையும் கூடத் தூக்கும்.

"ஈயம் வையும்" என்றார். வைத்தேன். காற்றாடி தள்ளியும் கோபுர நுனி மட்டும் தெரிந்தது. அது போதும். ஆனால் முழுதாகத் தாழுவதைப் பார்க்கிற ஆசை அவருக்கு. "இன்னும் ஒண்டு." விதி எனக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஒன்றை வைத்தேன்.

அழகாகப் போனது. மெதுவாக முன்னுக்கு ஊர்ந்து, இடது பக்கம் கொஞ்சம் வெட்டித் திரும்பி, ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீருக்குள் மறைந்தது. அவர் சிரித்தார். பிறகு இடது கையால் ரிமோட்டின் பிடியை மேலே தள்ளினார். ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பத் தள்ளினார். உப்புத் தண்ணீருக்குள் ரேடியோ அலை சரியாகப் போகாது என்று பிறகு விளங்கப்படுத்தினார். அலையும் போகவில்லை, பாரம் கூடியதால் தானாக எழும்பவும் வழியில்லை.

ரிமோட்டை என்னிடம் தந்துவிட்டுத் தடியை ஊன்றினார். "வாரும், போவம்" என்றார்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. வருத்தத்தோடு அவர் கடையை ஒரேயடியாகப் பூட்டிய அன்று கேட்ட குரல் அது. இப்படியே வீட்டுக்குப் போனால் என்னோடு கதைப்பதும் நின்றுவிடும் என்று தோன்றியது. என்ன நினைத்தேனோ, வலை எறிகிறவரைப் பார்த்து, "தம்பி! ஒருக்கா இஞ்சை வாறீரோ?" என்று கத்திவிட்டேன்.

வந்தார். எங்களைவிட இளையவர். விஷயத்தைச் சொன்னேன்.

"நீர்மூழ்கியோ? எங்கடை குளத்துக்குள்ளையோ?" வலையைத் தோளில் போட்டபடி என் கணவரைப் பார்த்தார். "நேவிக்குச் சொல்லிப்போட்டோ அண்ணை விட்டனீங்கள்?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கப்பல் மறைந்த இடத்தை நான் கை நீட்டிக் காட்டினேன். வலை விழுந்தது. பாசிதான் வந்தது. என் கணவர், "இ... இட..." என்று தொடங்கினார். "இடம் அதுதானாம், இன்னும் கொஞ்சம் ஆழமாப் போடட்டாம்" என்று நான் சொன்னேன். மறுபடியும் வலை வெறுமையாக வந்தது. அவர் தடியால் நிலத்தில் குத்தி, "இல்லை... இட..." என்றார். நான் திரும்ப வாய் திறந்தேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ" என்றார் தண்ணீருக்குள் நின்றவர். "நீங்கள் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ. அண்ணை ஆறுதலாச் சொல்லட்டும். எனக்கென்ன, மீன் பொழுதுபட்டாலும் இதுக்குள்ளைதான் நிக்கும்."

வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் கணவருக்குக் கனநேரம் எடுத்தது. வாய் கோணியது, வியர்த்தது. அந்த மனிதர் அசையாமல் நின்றார், ஊகித்து எடுத்துக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் வெளியே வந்த பிறகு அதைத் திருப்பிச் சொன்னார். "இடது பக்கம்... ஓம். வெட்டி... ஓம், வெட்டி விட்டனீங்கள். நிக்காமல்... சுத்தியிருக்கும். ஓ! இடது பக்கம் வெட்டி விட்டபடியால் வளைஞ்சு போயிருக்கும் எண்டுறியள். அப்ப அது இந்தப் பத்தைப் பக்கமெல்லோ?"

"ஓம்!" என்றார் என் கணவர். அந்த ஓம் குளக்கட்டு வரை கேட்டது.

இடது கரையோரம் நின்ற பற்றையடியில் எறிந்த வலை பாரமாக வந்தது. பாசியும் இரண்டு மீனும் எங்கள் கப்பலும். "இது கடிக்குமோ அண்ணை?" என்று அந்த மனிதர் கேட்க, என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். திறந்து பார்த்தோம். பேப்பர் காய்ந்தபடி இருந்தது.

கடைசியாக வைத்த ஈயத்தை எடுத்துவிட்டுத் திரும்ப விட்டோம். கோபுர நுனி வெளியே தெரியத் தெரியக் குளத்தைச் சுற்றி வந்தது. ரிமோட்டை அந்த மனிதரிடம் கொடுத்து எந்தப் பிடி எதற்கு என்று என் கணவரே சொல்லிக்கொடுத்தார். நான் மர நிழலில் போய் இருந்துகொண்டேன். அவர்கள் இருவரும் என்னை மறந்துவிட்டுக் கனநேரம் கதைத்தார்கள்.

இப்போது சந்திக் கடைக்கு அவரே போகிறார். எல்லாரும் பொறுமையாகக் கேட்பார்கள் என்றில்லை, சில நாள் முகம் கறுத்துத்தான் வருவார். நான் பக்கத்தில் நிற்கும்போது அவர் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினால் என் வாய் இன்றைக்கும் தானாகத் திறக்கப் பார்க்கும். அப்போதெல்லாம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு உவர்த் தண்ணீரில் அவசரமில்லாமல் நின்ற அந்த மனிதர் நினைவுக்கு வருவார், நானும் அப்படியே நின்றுகொள்வேன்.