இரண்டாம் விருப்பு

கியூபெக் கனடாவிலிருந்து பிரிந்து தனிநாடாவதா என்ற வாக்கெடுப்புப் பேச்சு மறுபடியும் அடிபடுகிறது. எனக்குப் போன வாக்கெடுப்புத்தான் நினைவுக்கு வருகிறது.

பிரிவினைக்காரர் மயிரிழையில் தோற்ற மறுநாள், தையல் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் இருந்த பிரெஞ்சுக்காரி, "வந்தேறிகள் நீங்கள்தான் எங்களைக் கவிழ்த்தீர்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "நான் அவையளை முழுக்கக் கைவிடேல்லையே. 'வேண்டாம்' எண்டதுக்கு ஒண்டு, 'ஓம்' எண்டதுக்கு ரெண்டு எண்டெல்லோ போட்டனான்" என்றார்.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு இலக்கம் போடலாம். ஒன்றுக்கு மட்டுமே அடையாளமிட வேண்டிய இங்கேயும் மனிதர் அதே பழக்கத்தில் போட்டிருக்கிறார்!

"இஞ்சேருங்கோ, அப்ப உங்கடை வாக்கு செல்லாது!" என்று கத்தினேன்.

அடுத்த நாள், என் கணவர் ஒன்று, இரண்டு போட்ட கதையைச் சொல்லி, அவருடைய வாக்கு உங்களைக் கவிழ்க்கவில்லை என்று அந்தப் பிரெஞ்சுக்காரியிடம் விறைப்பாகவே விளக்கினேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உன் கணவர் எங்களுக்கு இரண்டாமிடமாவது தந்தார். என் கணவர் அதுகூடத் தரவில்லை" என்றாள்.