பினாயில் முந்தானை

வீட்டில் ஏதோ நாறுகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை என்றால் அந்த வட்டாரத்தில் ஆள் அனுப்புவது மோப்பக்காரிக்குத்தான். கேலிக்கு வைத்த பேர்தான்; அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். மெத்தைக்குள் இறங்கிய பூனை மூத்திரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தட்டில் தேங்கிய தண்ணீர், அலமாரிக்கு அடியில் உருண்டுபோய் அழுகிய உருளைக்கிழங்கு, எதையும் விடமாட்டாள். ஓர் அறையை முடித்ததும் தன் முழங்கை மடிப்பை ஒரு தரம் முகர்வாள். "என் வாசனையில மூக்கைத் துடைச்சுக்கிறேன்" என்பாள். பிறகுதான் அடுத்த அறை.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது அந்த மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பினாயிலும் பச்சைத் தண்ணீரும் ஒன்று என்றாகிவிட்டது. கட்டிய புருஷனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. எறும்பு போகிற வழி, சுவரின் ஓதம், ஈ மொய்க்கிற மூலை என்று கண்ணை வைத்தே காலம் தள்ளினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட நிற்பவர்களின் மூக்கைப் பார்த்தாள். அவர்கள் எங்கே மூக்கைச் சுளிக்கிறார்களோ அங்கே குனிந்தால் போதும்.

இந்த நேரம் பார்த்துச் சின்னவள் கிளம்பினாள். கொழுந்தன் பெண்டாட்டி. கடை வேலை போனதும் அவளும் இதே தொழிலுக்கு வந்துவிட்டாள். "அக்கா செய்யறதைத்தானே நானும் செய்யறேன்" என்று வெள்ளந்தியாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே மோப்பக்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமியாருக்கு வாயைத் திறந்தால் சின்னவள் புராணம்தான். அதுகூடப் போகட்டும். புளியங்கொட்டை மாதிரி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு அவள் உலகத்தையே முகர்கிறாளே! பொறாமை என்று பச்சையாகவே சொல்லிவிடலாம்.

அடுக்குமாடிக் கட்டடக்காரர் ஒருவர் இரண்டு பேரையும் ஒன்றாக வரச் சொன்னார். மூன்றாம் மாடியில் பல மாதம் பூட்டிக்கிடந்த வீடு. பார்க்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். "யார் கண்டுபிடிக்கிறீங்களோ, இனிமே இங்க காலியாகுற வீடெல்லாம் அவங்க பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். சின்னவளுக்கு முன்னால் தோற்றால் குட்டு உடைந்துவிடும். மூக்கில்லாத மோப்பக்காரியை அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

போகிற வழியில், பேருந்து நெரிசலில், மோப்பக்காரியின் பைக்குள் இருந்த பினாயில் பாட்டிலின் மூடி கழன்றது. பை முந்தானையோடு ஒட்டிக் கிடந்தது. ஈரம் பட்டபோது தூறல் என்று நினைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டபோது மரியாதை என்று நினைத்தாள். கட்டடத்தின் கீழே காத்திருந்த சின்னவள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கூடவே படியேறினாள்.

கதவு திறந்ததும் மோப்பக்காரி கூடத்தின் நடுவில் நின்று கம்பீரமாக மூச்சை இழுத்தாள். பிறகு முழங்கை மடிப்பை முகர்ந்தாள். கட்டடக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா, நாத்தத்தைப் பிடிக்க வந்தீங்களா, இல்ல பினாயில்ல குளிச்சிட்டு வந்தீங்களா?"

மோப்பக்காரி குனிந்து பார்த்தாள். முந்தானை முழுக்கத் திட்டுத் திட்டாக ஈரம். அவளுக்கு உயிரே போய்விட்டது. இந்த வேலைக்குப் போகும்போது வாசனை சோப்புகூடப் போடக்கூடாது என்று ஊருக்கே சொன்னவள் அவள்.

"நான்தான் சார்" என்றாள் சின்னவள். "படியில வரும்போது கைதவறி அக்கா மேல கொட்டிட்டேன். பாவம், இந்த வாடையோட அவங்க எப்படித்தான் கண்டுபிடிப்பாங்களோ."

பொய்யைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் என்று மோப்பக்காரிக்கு உள்ளே எரிந்தது.

சின்னவள் மூக்கு போன வழியே போய்ப் பின்பக்கக் குளியலறையில் நின்றாள். "இங்கதான் சார். சுவருக்குள்ள எலி செத்துக் கிடக்கு போல. உடைச்சுப் பாக்கணும்." கட்டடக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

செத்த எலி என்றால் ஈ இருக்க வேண்டுமே? மோப்பக்காரி நாலு மூலையும் பார்த்தாள். ஓர் ஈ இல்லை. ஆனால் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையின் சல்லடைமேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. சிலந்தி குடிவந்துவிட்டது என்றால் அந்தப் பக்கம் தண்ணீர் போய் மாதக்கணக்காகிறது. அடியில் வளைகிற குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடைக்கு மூடி. அது காய்ந்துபோனதால் சாக்கடை நேராக வீட்டுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். சன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு சின்னவளின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுருங்கியிருந்த மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"போயிடுச்சு" என்றாள் மோப்பக்காரி.

"அட, ஆமா!" என்றார் கட்டடக்காரர். "பினாயிலையும் தாண்டிப் பிடிச்சிட்டீங்களே! மோப்பக்காரின்னா சும்மாவா?" கட்டடம் அவள் கைக்கு வந்தது.

ஜெயித்தும் மனசு ஆறவில்லை. படியிறங்கும்போது கேட்டாள், "உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"போன மாசம் அத்தை வீட்டுல பால் அடிப்பிடிச்சப்போ. அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருந்தீங்க."

"யார்கிட்டச் சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லலக்கா."

அதுதான் மோப்பக்காரிக்குப் பொறுக்கவில்லை. மூக்குதான் அவளுக்கு என்றால் நல்ல மனசையுமா அவளே எடுத்துக்கொள்வாள்? திட்டுவதற்கு ஒரு சாக்கையாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

கீழே குழாயடியில் முந்தானையை அலசிப் பிழிந்தாள். வாடை போய்விட்டதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் காட்டினாள். "இன்னும் அடிக்குதா பாரு."

சின்னவள் கிட்டே வந்து முகர்ந்தாள். "பினாயில் போயிடுச்சுக்கா. இப்போ உங்க வாசனைதான் வருது."

"என் வாசனையா? அது என்ன?"

"வெங்காயம், கொஞ்சம் எண்ணெய், வெயில்ல காஞ்ச துணி. கண்ணை மூடிக்கிட்டாலும் அக்கான்னு தெரியும்."

மோப்பக்காரி முழங்கை மடிப்பை மூக்கில் அழுத்தி மூச்சை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. தன்மேல் வீசுகிற வாசனைகூட இப்போது இவளுக்குத்தான். அந்த நிமிஷம் பட்ட பொறாமையை அவள் அதுவரை யார்மேலும் பட்டதில்லை.

"வெங்காயத்துக்கு அப்புறம் என்ன சொன்ன?" என்று கேட்டாள், சண்டைக்கு நிற்கிற குரலில்.