சாம்பல் மெசின் ஆறும் கறுப்பு மெசின் மூன்றும்

1. சீ.டி போட இடமில்லை

யோகன் அண்ணன் கொழும்பிலிருந்து வந்து மூன்று பெட்டிகளை மேசையில் இறக்கினார். எங்கள் கடையில் நடக்க இருந்த ஃபுட்போல் வீடியோ கேம் சுற்றுப்போட்டிக்கு அப்போது ஒன்பது நாட்கள் இருந்தன.

மட்டக்களப்பு நகரில் அவருடைய வீடியோ கேம் கடையில் நான் வேலை செய்தேன். ஆறு ரி.வி, ஆறு சாம்பல் நிற மெசின். பொடியன்மார் அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து விளையாடுவார்கள். சண்டை நடந்த வருடங்கள். பொடியன்மாருக்குப் போக வேறு இடமும் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வாவியில் இறால் பிடிப்பவர், கையெழுத்துப் போடத் தெரியாது. நான் ஏ.எல் பாஸ். மெசினோடு வந்த இங்கிலிஷ் கையேடுகளை அகராதி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் அந்தக் கடையில் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான்கு நாட்களுக்கு முன் யோகன் அண்ணன் புது மெசின் வாங்கக் கொழும்புக்குப் புறப்பட்டபோது, சேர்விஸ் செய்ய வேண்டும் என்று சொல்லி பழைய ஆறு மெசின்களையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

“பார் புள்ள,” என்றார், ஒரு கறுப்பு மெசினைத் தூக்கிக் காட்டி. “அறுபத்திநாலு பிட். பழசு முப்பத்திரண்டு. சரியா ரெண்டு மடங்கு.”

“பழசு எங்க அண்ணன்?”

“ஏறாவூர் ஜவாத் காக்காவுக்கு வித்துத்தன்.” ஏறாவூரில் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

“சீ.டியள்?”

“சீ.டிய ஏன் விக்க? அதெல்லாம் இதில போட்டு ஆடலாம்தானே.”

“எதில போட?”

அவர் மெசினைத் திருப்பிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். மேலே ஒரு வெட்டு மட்டும் இருந்தது. அது காட்ரிஜ், அதாவது விளையாட்டு உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி, செருகும் இடம். அந்த மெசினில் சீ.டி போடும் இடமே கிடையாது.

யோகன் அண்ணன் கட்டாரில் பதினொரு வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். அவருக்குப் பிட் என்பதும் அம்பியர் மாதிரி ஒன்று. “பெரிய வயர் இழுத்தா சின்ன மோட்டர் ஓடாதா? அப்பிடித்தானே இதுவும்,” என்றார்.

“இது வயர் இல்ல அண்ணன். பழைய சீ.டி இதில ஓடாதெண்டு போறதுக்கு முதல் மூண்டு தரம் சொன்னன்.”

“நீ சொன்னது விலையைப் பத்தியெண்டு நினைச்சன்.”

விலையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

2. பொடியன்மார் கேட்டது

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மெசின் செய்கிற கம்பெனிக்கு மெசினில் பெரிய இலாபம் இல்லை. இலாபம் எல்லாம் விளையாட்டில். அதனால் ஒரு நல்ல விளையாட்டு வந்தால், அதைத் தன்னுடைய மெசினுக்கு மட்டும் செய்யும்படி காசு கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் எக்ஸ்குளூசிவ். அந்த விளையாட்டு வேண்டுமென்றால் அந்த மெசினைத்தான் வாங்க வேண்டும். எங்கள் பொடியன்மாருக்கு உயிரான ஃபுட்போல் விளையாட்டு சாம்பல் மெசினுக்கு மட்டும் வந்தது.

கறுப்பு மெசின் கெட்டதல்ல. அதன் படம் அழகு. தண்ணீரில் வெளிச்சம் பட்டு அசைவதைக் கூடக் காட்டியது. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். ஆனால் காட்ரிஜ் ஒன்றின் விலையில் கள்ளமாகக் கொப்பி செய்த சீ.டி ஒரு பெட்டி வாங்கலாம். எங்களிடம் இருந்ததோ காரோட்டப் பந்தயக் காட்ரிஜ் இரண்டு. முதல் நாள் வந்த பொடியன்மார் பத்து நிமிடம் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு ஒருவன் திரும்பி, “வடிவுதான் அக்கா. ஃபுட்போல் எங்க?” என்றான். மூன்றாம் நாள் அவர்களும் வரவில்லை.

கடை போனால் வேறு கடை. எனக்கு எரிச்சல் வந்தது போட்டியை நினைத்துத்தான். இருபத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். தன்னாமுனை, களுதாவளை, வெல்லாவெளி என்று பல ஊர்க்காரர். வெல்லாவெளிப் பொடியன்மார் ஐந்து பேர். மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வர வேண்டும். அவர்களுடைய தாய்மார் என்னிடம்தான் வந்து கேட்டார்கள், போட்டி நிச்சயம் நடக்குமா, பிள்ளைகளை நம்பி அனுப்பலாமா என்று. நடக்கும் என்று சொன்னவள் நான்.

“ஜவாத் காக்காவிட்டப் போய் மெசினை ஒரு நாளைக்குக் கேளுங்க,” என்றேன்.

“வித்த சாமானைக் கேட்டு அந்தாள்ர வாசல்ல நிக்கவா? எனக்கு ஏலா.”

“அப்ப அந்த இருபத்தெட்டுப் பேருக்கும் நீங்க சொல்லுங்க.”

அதுவும் அவரால் முடியாது. சீ.டிகளைப் பையில் போட்டுக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

3. ஏறாவூரில்

ஜவாத் காக்கா துணிக்கடைக்காரர். கடைக்குப் பின் அறையில் ஆறு சாம்பல் மெசினும் வரிசையாக இருந்தன. ஆடுவதற்கு ஒருவரும் இல்லை.

“வா புள்ள. உங்கட முதலாளி செஞ்ச வேலையப் பாத்தியா? மாட்ட எனக்கு வித்துப்போட்டு கயித்த அவர் வெச்சிருக்காரு. வாற பொடியனெல்லாம் ஃபுட்போல் எங்க எங்க எண்டு என்ட உசிர எடுக்கானுகள்.”

“அவரும் அங்க கயித்தோடதான் நிக்காரு காக்கா.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் கேட்டதைச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஆறு மெசினும் மட்டக்களப்புக்கு வர வேண்டும். பதிலுக்கு ஃபுட்போல் சீ.டியில் ஒன்று அவருக்கு.

“ரெண்டு. ஒண்டு கீறுப்பட்டா மத்தது வேணும். மறுகா, எங்கட பொடியன்மார் நாலு பேரும் ஆடுவானுகள்.”

தோற்றவன் வெளியே போகும் நொக்-அவுட் போட்டிக்கு முப்பத்திரண்டு பேர் வேண்டும். குறைகிற நான்கு பேரை எங்கே பிடிப்பது என்று ஒரு வாரமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. கொஞ்சம் யோசிப்பது போல இருந்துவிட்டு, சரி என்றேன்.

4. போட்டி

மெசின்களைத் துணிமூட்டைகளுக்கு நடுவில் வைத்து ஜவாத் காக்காவின் சின்ன லொறியில் கொண்டுவந்தோம். சாவடியில் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் மெசினின் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தான். வயரும் பெட்டியுமாக ஆறு சாமான், இதற்கு எத்தனை மணித்தியாலம் விளக்கம் சொல்வது? கையேட்டை நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை.

“என்ன விளையாட்டு?” என்று உடைந்த தமிழில் கேட்டான்.

“ஃபுட்போல்.”

“ஆ, ஃபுட்போல்,” என்று மூடியைச் சாத்தினான். அவன் கூட எத்தனை பிட் என்று கேட்கவில்லை.

வெல்லாவெளிக்காரர் ஐந்து பேரும் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னேரம் பாதை மூடுவதற்குள் அவர்கள் திரும்ப வேண்டும் என்று அவர்களுடைய ஆட்டங்களை முன்னுக்கு வைத்தேன். இரண்டு முறை கரண்ட் போனது, ஜெனரேட்டர் போட்டோம். ஏறாவூர்ப் பொடியன் ஒருவன் கடைசி ஆட்டத்தில் களுதாவளைக்காரனை ஒரு கோலால் வென்றான். தோற்றவன் அவனுக்குக் கை கொடுத்துவிட்டு, “கொன்ட்ரோலர் சரியில்ல மச்சான்,” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கிண்ணத்தைக் கொடுத்த யோகன் அண்ணன், எவ்வளவு கஷ்டப்பட்டு இதை ஒழுங்குசெய்தேன் தெரியுமா என்று பேசினார். நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மெசின்களை ஏற்றும்போது ஜவாத் காக்கா, “என்ட கடைக்கு வா புள்ள, சம்பளம் கூட்டித் தாறன்,” என்றார். யோகன் அண்ணனுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

லொறி போன பிறகு யோகன் அண்ணன் கேட்டார்: “போகப்போறியா?”

“அடுத்த தரம் நீங்க சாமான் வாங்கப் போகக்க நானும் வரணும். அப்பிடியெண்டா நிக்கிறன்.”

“கொழும்புக்கா? பொம்புளப் புள்ளய ஆரு கூட்டிப் போற?”

“அப்ப நீங்களும் போகாதீங்க.”

அவர் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் கடையைத் திறந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உன்ட அம்மாவிட்ட நீயே கேள். என்னால ஏலா.”

அம்மாவிடம் கேட்டது பெரிய சண்டை. ஆனால் அடுத்த தரம் அவரோடு கொழும்புக்குப் போனேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் எந்த விளையாட்டைக் கேட்டு வாசலுக்கு வருகிறார் என்று முதலில் பாருங்கள். எந்த மெசின் என்று பிறகு பாருங்கள். தெரிந்ததை முதலாளியிடம் மூன்று தரம் சொல்லியும் கேட்காவிட்டால், நான்காம் தரம் சொல்லிக் களைக்க வேண்டாம். வாங்குகிற இடத்துக்கே கூடப் போய் நில்லுங்கள்.