பதினான்கு தொட்டில் தடங்கள்

தானா ராத்தா மலையூரில் என் வீட்டு வாசலில் கிடக்கும் பெஞ்சு, ஒரு காலத்தில் கூரையைத் தாங்கிய உத்தரம். அதில் பதினான்கு இடங்களில் மரம் தேய்ந்து வழுவழுவென்றிருக்கும். வருகிறவர்கள் தடவிப் பார்த்து, ஏன் இப்படி என்பார்கள். நான் எஞ்சினியர் ஐயாவைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி மெல்ல எழுந்து உள்ளே போய்விடுவாள். அத்தனை தடவை கேட்டுவிட்டாள், பாவம்.

எழுபதுகளின் கடைசியில் நான் தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து பேனா பிடித்தவன் என்ற மிதப்பு கொஞ்சம் அதிகம். தோட்டத்துக்கு மேலே, ஓடையின் குறுக்கே, வெள்ளம் தடுக்கும் சின்ன மண் அணை ஒன்று இருந்தது. அதன் ஆபத்து எந்த வகை என்று முடிவு செய்ய அரசாங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அணைக்குக் கீழே குடியிருப்போர் எத்தனை பேர் என்று அதில் ஒரு கேள்வி. கிராணி புத்தி எப்படிப் போகும்? செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் எங்களுக்கு ஆள். அவன் படுத்தெழும் லயம்தான் குடியிருப்பு. லயங்கள் எல்லாம் மேட்டில். ஓடையோரம் ஒரு கொட்டகை மட்டும். ‘ஆள் இல்லை’ என்று அழகாக எழுதி அனுப்பினேன்.

அதைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியர் ஐயா வந்தார். என்னைவிடச் சின்ன வயது, ஒல்லி, தடித்த கண்ணாடி. அணையை ஒரு மணி நேரம் பார்த்தார். ஓடையோடு கீழே நடக்க மூன்று மணி நேரம். அணை மேலே இருக்க, இந்த மனுஷன் கீழே எதைத் தேடுகிறார் என்று எனக்கு ஒரே எரிச்சல். கொட்டகைக்குள் நுழைந்தவர் அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்தி உத்தரத்தைத் தடவினார்.

“இங்க என்ன கட்டுவீங்க கிராணி?”

“தொட்டிலுங்க” என்றேன். சொல்லும்போதுதான் நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. அது ஆயாக் கொட்டகை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். விடுமுறை என்பதால் காலியாகக் கிடந்தது. என் மனைவியும் அப்போது கொழுந்துதான் எடுத்தாள். கதவோரத் தடம் என் மகளின் தொட்டில் கயிறு தேய்த்தது.

அவர் மறுபடி அண்ணாந்தார். தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

தோட்ட மேனேஜர் துரைக்குக் கோபம். கல்லு மாதிரி நிற்கிற அணைக்கு ஆபத்து என்று பேர் வைப்பதா, கிராணி முதலில் எழுதியதே போதும் என்றார்.

“அணை நல்லாத்தான் இருக்கு. ஒருவேளை அது போச்சுன்னா கீழ யாரு போவாங்கன்னுதான் இந்த ஃபாரம் கேக்குது” என்றார் எஞ்சினியர் ஐயா. பிறகு என்னைப் பார்த்தார்.

வேலை போய்விடும் என்று பயம்தான். “நான் எழுதுனது தப்புங்க தொரை” என்றேன். எஞ்சினியர் ஐயா என் வரியை அடித்துவிட்டு, மேலே ‘பதினான்கு குழந்தைகள், ஓர் ஆயா’ என்று எழுதினார். அந்தக் குட்டி அணை உயர்ந்த ஆபத்து வகையில் சேர்ந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் கொட்டகை மேட்டுக்குப் போனது. பழையதைப் பிரித்தபோது இந்த உத்தரத்தைக் கேட்டு வாங்கினேன்.

அணை இன்றுவரை உடையவில்லை. உடையாத அணைக்குப் பயந்தீர்களே என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கோ நினைக்கும்போதெல்லாம் மெய் சிலிர்க்கிறது. காலிக் கொட்டகையில் பதினான்கு பிள்ளைகளைப் பார்த்த கண் அது.

போன வாரம் வந்த மகள் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டினாள். அந்தக் கதவோரத் தடத்தை அவள் விரல் சும்மா தடவிக்கொண்டிருந்தது. அவள் இருந்த இடத்தில்தான் ஆள் இல்லை என்று எழுதினேன்.