பெரியம்மா போட்ட சண்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்ற சந்தேகம் இந்த வயதிலும் தீரவில்லை. தெருக் கூட்டத்தில் இதை வாசிக்க ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுத் தம்பி, பிழை வரும் இடங்களில் தானே திருத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்களே எழுந்து பேசலாமே என்று தெருச் சங்கத்தில் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்தில் வீடியோக்காரர் பெயர் கேட்டபோது, என் மனைவிதான் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

காஸ் அடுப்பைச் சோதிக்க வந்திருக்கிறோம் என்று இரண்டு பேர் நம் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அந்த அம்மாவின் வளையல்களோடு போனது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த அம்மா வெளியே தலைகாட்டுவதில்லை. தண்ணீர் லாரி வந்தாலும் மகனைத்தான் அனுப்புகிறார். கூட்டத்துக்கு வரும் போலீஸ்காரர் அடையாள அட்டை கேளுங்கள், கதவைத் திறக்காதீர்கள் என்றெல்லாம் சொல்வார். அதெல்லாம் நல்லதுதான். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. அது என் பெரியம்மாவைப் பற்றியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து அப்பாவும் பெரியப்பாவும் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்து, ஒரே லைன் வீட்டில் குடியிருந்தோம். நீளமான ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள், முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். முதல் அறை பெரியம்மாவுடையது. கடைசி அறை எங்களுடையது. நடுவில் தளிப் பக்கத்துக் கன்னடப் பூக்கார அம்மா, ஒரு தெலுங்குக் குடும்பம், நைட் ஷிப்ட் முடிந்து பகலெல்லாம் தூங்கும் மதுரைப் பக்கத்துப் பையன்கள்.

அந்த லைனில் யாராவது ஐயோ என்று கத்தினால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குடம் உடைந்திருக்கும், இல்லை பிள்ளைக்கு அடி விழுந்திருக்கும் என்று இருந்துவிடுவார்கள். சண்டை என்றால் மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். கன்னடக்காரரும் தெலுங்குக்காரரும் தமிழ்க்காரரும் ஒன்றாக நின்று கேட்பார்கள். சண்டையைப் புரிந்துகொள்ள யாருக்கும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்வதில்லை. ஒரு வருடத்துக்கு முன் பெரியம்மாவின் கம்மல் காணாமல் போயிருந்தது. ஊரிலிருந்து வரும்போது பஸ் கூட்டத்தில் விழுந்துவிட்டது என்றார். தன் தம்பிக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கதை சொல்கிறாள் என்று சொந்தத்தில் பேசினார்கள். அம்மாவும் குழாயடியில் அப்படி ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் உப்பும் காப்பித்தூளும் நிற்கவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். "நான் கேட்டேன்னு சொல்லாத" என்று அம்மா அனுப்புவார். "நான் குடுத்தேன்னு சொல்லாத" என்று பெரியம்மா கொடுப்பார். இப்படி யாரும் கேட்காத, யாரும் கொடுக்காத உப்பு எங்கள் வீட்டுக் குழம்பில் இருந்துகொண்டே இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாட்கள். எனக்குக் காலாண்டு விடுமுறை. லைன் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும் சத்தம். அப்பாவும் பெரியப்பாவும் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு பெரியவர். இன்னொருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்த இளைஞர். புதிதாக ஒரு பவுடர் வந்திருக்கிறது, விளம்பரத்துக்காகச் சும்மாவே தேய்த்துக் காட்டுகிறோம், காசு வேண்டாம் என்றார்கள். எங்கள் காமாட்சி விளக்கைத் தேய்த்துக் கொடுத்தார்கள். அதில் என் முகம் தெரிந்தது. அம்மாவின் கால் மெட்டி நட்சத்திரம் மாதிரி ஆனது.

"அக்கா, கழுத்துல கெடக்குறது பவுனா? இப்பிடி மங்கிப் போயிருக்குதே. பூசைக்கு நாலு பேர் வருவாங்களேக்கா" என்றார் பெரியவர்.

அம்மாவிடம் நகை என்று இருந்தது அந்த மூன்று பவுன் சங்கிலி மட்டும்தான். அவர் அப்பா நிலக்கடலை விற்றுப் போட்டது. யாருக்காவது உடம்புக்கு வந்தாலும் என் படிப்பு என்றாலும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான் போகும். அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். சங்கிலியின் கொக்கியில் கை வைத்தார்.

"ஒரு கரண்டி மஞ்சத்தூள், ஒரு சொம்புத் தண்ணி, அஞ்சே நிமிசம்" என்றார் பெரியவர். எங்கள் வீட்டில் மஞ்சள்தூள் தீர்ந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். நான் கேட்டேன்னு சொல்லாத என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் முதல் அறையில் இருந்தேன்.

"என்னாத்துக்குடா மஞ்சத்தூளு? உங்கம்மா கொழம்பு வெக்கிறாளா?"

"இல்ல பெரிம்மா. சங்கிலிக்கு."

"சங்கிலியையா கொழம்பு வெக்கிறா?" என்று பெரியம்மா சிரித்தார்.

நான் இரண்டு பேர் வந்திருப்பதைச் சொன்னேன். விளக்கைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"கையில டப்பா வெச்சிருக்கானாடா? மூடி போட்ட டப்பா?"

"ஆமா. எவர்சில்வர் டப்பா."

பெரியம்மா மஞ்சள்தூள் டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் நடந்தார். ஒரு வருடமாக அவர் குழாயைத் தாண்டி எங்கள் பக்கம் வந்ததில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் வாசலில் பெரியவரின் உள்ளங்கையில் சங்கிலி இருந்தது. இளைஞர் டப்பாவின் மூடியைத் திறந்து பிடித்திருந்தார். பெரியம்மா திருடன் என்று கத்தவில்லை. அந்த இரண்டு பேரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் போனார்.

"அடியே! யாரு சங்கிலிய எவனுக்குடி கழட்டிக் குடுக்குற?"

அம்மாவுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"யாரு சங்கிலியா? எங்கப்பன் போட்டதுடி இது!"

"உங்கப்பன் போட்டது ஒத்த மூக்குத்தி. இது எங்க மாமியா பொட்டியில இருந்தது. மூத்தவ நான் வெறுங்காதோட நிக்கிறேன், இளையவ நீ மினுக்கிக்கிட்டுத் திரியிறியா?"

"காதுல கெடந்தத தம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டு, இப்ப என் கழுத்துக்கு வந்துட்டியா நீ?"

பெரியம்மாவின் கை தானாக அந்த வெறும் காதுக்குப் போனது. அங்கேயே திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் முன்னை விடப் பெரிதாகக் கத்த ஆரம்பித்தார்.

கதவுகள் திறந்தன. பூக்கார அம்மா "ஏனாயித்து, என்னாச்சு?" என்று நூலும் கையுமாக ஓடிவந்தார். மதுரைப் பையன் ஒருவர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "ஏக்கா, ராவெல்லாம் வேல பாத்துட்டு வந்து படுத்தா இம்புட்டுச் சத்தமா?" என்றார். சொன்னாரே தவிர, சண்டை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

விபூதிக்காரர் சங்கிலியை மெதுவாக டப்பாவின் பக்கம் கொண்டுபோனார். "அம்மா, அஞ்சு நிமிசம், இதுல போட்டு எடுத்துட்டா..."

"பஞ்சாயத்து முடியாம அது எந்த டப்பாவுலயும் போவக் கூடாது! வைய்யா என் கையில!"

"என் கையில குடுங்க, இது என்னுது!" என்றார் அம்மா.

"யாருக்காச்சும் குடுத்துருங்கண்ணே, அவங்க குடும்பச் சண்டை" என்று மதுரைப் பையன் அவர் அருகில் வந்தார். விபூதிக்காரர் சுற்றிப் பார்த்தார். வாசல் முழுக்க ஆள். நீட்டியிருந்த இரண்டு கைகளில் பெரியம்மாவின் கைதான் முந்தியது. சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்த் தன் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார். அம்மாவும் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

அந்த இரண்டு பேரும் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதை நான் மட்டும்தான் பார்த்தேன். "மஞ்சத்தூள் வேணாமாங்க?" என்று டப்பாவை நீட்டினேன். பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்று பகல் முழுக்க அம்மா அந்த மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். வாய்க்கு வந்தபடி திட்டினார். பட்டப்பகலில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாளே, இப்படியும் ஒரு பேராசை உண்டா என்று லைனே பேசியது. கதவு திறக்கவில்லை. அந்த இரண்டு பேரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கம்பெனி பஸ்ஸில் அப்பாவும் பெரியப்பாவும் வந்து இறங்கிய பிறகுதான் கதவு திறந்தது. பெரியம்மா சங்கிலியை அப்பாவின் கையில் கொடுத்தார். "ஆத்திரத்துல பேசிட்டேன் தம்பி. இது அவ சங்கிலிதான். மூத்தவளுக்கு இல்லியேன்னு ஒரு பொறாம" என்றார். பவுடரையும் டப்பாவையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியப்பா எல்லோர் முன்னாலும், "வெக்கமா இல்லியா உனக்கு?" என்று கேட்டார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு தப்பு நடந்துவிட்டால் பத்து வருடம் சொல்லிக்காட்டுவார். ஷிப்டுக்குப் போன நேரத்தில் அம்மா முன்பின் தெரியாதவர்களிடம் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால், அம்மா அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். பெரியம்மா அந்தப் பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கல்யாணமாகி, நானும் ஒரு வீட்டில் தப்பும் சரியும் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது.

இனிமேல் சொல்லப்போவது பெரியம்மாவின் சொந்த விஷயம். அவர் இப்போது மகனோடு கிருஷ்ணகிரியில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், இதை எழுதலாமா என்று அவர் காதருகே கத்திக் கேட்டேன். "எழுதுடா. எனக்கு இனிமே என்னா வெக்கம்? காதுல கம்மல் இருக்குது, காதுதான் கேக்கல" என்றார். நம் தெரு அம்மாவைப் பற்றியும் சொன்னேன். "ஊட்டுக்குள்ளயே ஒக்கார விடாதீங்கடா. யாராச்சும் போயிப் பேசுங்க" என்றார். அதனால்தான் பேசத் தெரியாத நான் எழுதுகிறேன்.

அந்தச் சண்டைக்கு மறுநாள், மார்க்கெட்டுக்குப் போய்வந்த பூக்கார அம்மா சேதி கொண்டுவந்தார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பேர் வந்தார்களாம். அடுப்பில் சுட வைத்த மஞ்சள் தண்ணீர், மூடி போட்ட டப்பா. ஆறின பிறகு திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். திறந்தபோது தண்ணீர்தான் இருந்ததாம். அம்மா உள்ளே போனார். முந்தின நாளிலிருந்து போடாமல் வைத்திருந்த சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு, லைனின் கடைசியிலிருந்து முதல் அறை வரை நடந்தார். என்னை அனுப்பாமல் அவரே போனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நானும் போய் நிலைப்படியில் நின்றேன்.

"அக்கா" என்றார் அம்மா. "தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரியாமயா வருவேன்? என்னுதும் மஞ்சத் தண்ணியிலதாண்டி போச்சு. உங்க மாமாகிட்ட பஸ்சுல விழுந்துடுச்சின்னு சொன்னேன். ஏமாந்துட்டேன்னு சொல்றதுக்கு, தம்பிக்குக் குடுத்துட்டான்னு நீங்க பேசுறதே தேவலாம்னு இருந்துட்டேன்."

"நேத்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. திருட்டுப் பசங்கன்னு..."

"சொன்னா கேட்டிருப்பியா நீ? நான் வேணாம்னு சொல்லியிருந்தா, அந்த மூக்குத்தியையும் சேத்துக் கழட்டிக் குடுத்திருப்ப."

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெரியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "என்னுது போன அன்னிக்கு எங்கூட சண்டைக்கு வர ஒருத்தி இல்லடி" என்றார். அதைக் கேட்டதும் அம்மா சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.

பெரியம்மா சண்டை என்கிறார், அம்மா அழுகிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குழாயடிக்கு ஓடி, "மறுபடியும் சண்டை! வாங்க, மறுபடியும் சண்டை!" என்று கத்தினேன். கதவுகள் திறந்தன. பூக்கார அம்மா வந்தார். மதுரைப் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் முதல் அறை வாசலில் முட்டி மோதிக்கொண்டு எட்டிப் பார்த்தோம்.

உள்ளே அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மா பின்னால் நின்று அவர் கழுத்தில் சங்கிலியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கடா சண்டை?" என்று மதுரைப் பையன் என் தலையில் குட்டினார்.

"இருங்கண்ணே, இப்ப ஆரம்பிச்சிடுவாங்க" என்றேன். எல்லோரும் போன பிறகும் நான் மட்டும் வெகுநேரம் அங்கேயே காத்துக்கொண்டு நின்றேன்.

எழுதி முடித்தது: ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஓசூர்.